கலங்காத திரை

முந்நூற்று இருபது ரூபாய். மகள் அவனுக்குத் தர வேண்டிய பாக்கி.

அவன் சிங்கப்பூரில். அவள் அறந்தாங்கியில். ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் கணினியில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். தோற்றவர் பெயரில் பத்து ரூபாய் கடன். பந்தயம் வைத்தவள் அவள். பெரும்பாலும் தோற்கிறவளும் அவள்தான்.

காசை அவன் கேட்டதில்லை. கேட்டு வாங்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும்.

இப்போது பழைய சாமான் விற்கும் கடையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் நிற்கிறான்.

கடைக்காரர் இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டிருந்தார். ஒரு பெண் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே இருந்தாள்.

"இது அறுபதுண்ணே. செகண்டுக்கு அறுபது படம் காட்டும். அது நூத்தறுபத்தஞ்சு. யாருக்கு, பையனுக்கா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுத்தாப்புல ஆடுறது யாரு?"

"எம்மவ."

"ஜெயிக்கிறது?"

"நான்தான்."

"அப்புறம் என்னண்ணே. அறுபதே போதும். காச மிச்சம் பண்ணுங்க."

அறுபதில் ஓடுகிறவளின் கால்கள், ஈர பெயிண்டில் கை பட்டதுபோல் இழுத்துக்கொண்டு போயின. மற்றதில் பாதம் பதிவதும் எழும்புவதும் தனித்தனியாகத் தெரிந்தது.

விலை இரண்டு மடங்கு.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. கப்பல் பட்டறையில் வருஷக்கணக்காய் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்த கை. விரல்நுனி மரத்துக் கிடக்கிறது. எதைத் தொட்டாலும் கொஞ்சம் பிந்தித்தான் உறைக்கும்.

இந்தக் கை எப்படி ஜெயிக்கிறது என்று அவனுக்கே விளங்கியதில்லை. "பட்டாளத்துல சேந்திருந்தா இந்நேரம் மேஜர் ஆயிருப்படா" என்பார், அறையில் கூட இருக்கும் பிச்சைமுத்து அண்ணன்.

கணினி, முன்பு அதே அறையில் இருந்த அருளானந்து விட்டுப்போனது. வேலை முடிந்து ஊருக்கே திரும்பியபோது, நீ வச்சுக்க என்று கொடுத்துவிட்டான். உள்ளே எல்லாம் நல்ல சாமான். திரை மட்டும்தான் ஓய்ந்துபோனது. அதில் மகள் நின்றால் தெரிகிறாள். ஓடினால் கலங்கிவிடுகிறாள்.

லீவில் போனால்கூட இப்போது அவள் ஓடி வருவதில்லை. வளர்ந்துவிட்டாள். வாசலில் நின்று, "வாங்கப்பா" என்கிறாள்.

"தம்பி, இத வாங்குனா ஊர்ல இருந்து படம் பிந்தி வர்ற இழுவை கொறையுமா?"

"அது கடல் இழுக்கிற இழுவைண்ணே. அதுக்கு நான் எங்க போவேன். வந்து சேர்றத கலங்காம காட்டும். அம்புட்டுதான்."

கலங்காம.

அந்த ஒரு சொல்லுக்குக் காசை எடுத்து வைத்தான்.

•

சாயங்காலம். கீழ்க்கட்டிலை ஒட்டி, பெட்டிமேல் புதுத் திரை. கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி அறுபது என்றிருந்ததை நூற்று அறுபத்தைந்துக்கு மாற்றினான்.

"ரெடியாப்பா?" ஹெட்போனில் மகளின் குரல்.

"ரெடி ஆத்தா. பத்து ரூவாய இப்பவே எடுத்து வச்சுக்க."

"ரொம்பத்தான்."

திரையைப் பற்றிச் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லலாம்.

இடிந்த சுவர். காலி டிரம்கள். வெயில்.

தூரத்தில் பச்சைத் தொப்பி. அவள் ஓடி வந்தாள்.

கால்கள் தெரிந்தன. முழங்கால் மடங்குவது தெரிந்தது. அவன் ஆட்டத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவரின் முனைக்கு வந்தாள். அவள் துப்பாக்கி அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

அவன் விரல் இன்னும் அசையவில்லை.

அவள் சுடவில்லை.

துப்பாக்கி முனை மெல்லத் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. பிறகு ஓர் எட்டு வைத்து, சுவரை விட்டு வெளியே வந்து, அவனுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றாள்.

பழைய திரையில் இந்த இடம் வெறும் பச்சைத் தீற்றல். தீற்றல் கலைந்து அவள் தெரியும்போது அவன் சுடுவான். அவள் விழுவாள். "என்னா கைவேகம்ப்பா உங்களுக்கு" என்பாள்.

ஒவ்வொரு ஞாயிறும்.

"அப்பா? லைன் போயிருச்சா?"

"இல்ல. இருக்கேன்."

"அப்பச் சுடுங்க. முன்னாடிதானே நிக்கிறேன்."

மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"பாக்கி எவ்வளவு ஆத்தா?"

"முந்நூத்தி இருவது. ஏன்?"

"அத அடிச்சிரு."

"சும்மாவா?"

"புது ஸ்கிரீன் வாங்கிருக்கேன்."

அந்தப் பக்கம், வீட்டில் அவன் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

"நல்லா தெரியுதா?" என்றாள், கடைசியில்.

"நல்லாவே தெரியுது."

மறுபடி பாத்திரச் சத்தம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பாக்கியும் இல்லை, தோற்றுக்கொடுத்து ஏமாற்றவும் முடியாது என்றால், படிக்கிற பிள்ளை அடுத்த ஞாயிறு எதற்கு வந்து உட்காரப்போகிறாள்.

மூக்கால் விட்ட சிரிப்பு ஒன்று காதில் விழுந்தது.

துப்பாக்கி நிமிர்ந்தது.

சுட்டாள்.

அவன் சாய்ந்தான். திரையில் பாதி மண், பாதி வானம்.

"உங்க பேர்ல பத்து ரூவா எழுதிக்கிறேன்ப்பா."

"எழுதிக்க."

மண்ணில் கிடந்தபடி பார்த்தான். பச்சைத் தொப்பி அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு பாதமும் தெரிந்தது.