இருபது காலடி

கொக்குகளும் போன் வைத்துக்கொண்டு திரிந்த காலத்திலே, ஓர் ஏரிக்கரை மண்ணுக்குள் தகர டப்பா ஒன்று ஒளிந்திருந்ததாம். கண்டுபிடிக்கிறவர் உள்ளேயுள்ள நோட்டில் பேர் எழுதணும், அதுதான் ஆட்டம். வலசை வந்தபோது ஒளித்துவிட்டுப் போன வாத்து, குளிர்தேசத்திலிருந்து ஒரு கொக்குக்குக் குறிப்பு அனுப்பியிருந்தது: "பாறையிலிருந்து கிழக்கே இருபது காலடி."

ஏரித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் டப்பா முழுகிவிடும்.

கொக்கு இருபது காலடி நடந்து தோண்டியது. ஒன்றுமில்லை.

"பின்னாடி இருக்கேன், பின்னாடி!" என்று டப்பா கத்தியது. மண்ணைத் தாண்டிச் சத்தம் வரவில்லை.

கொக்கு வாத்துக்குப் போன் போட்டது. "என்னப்பா, ஏமாத்துறியா?"

"ஏமாத்த நான் என்ன நரியா? வீடியோவில் நடந்து காட்டுங்க."

கொக்கு நடந்து காட்டியது. வாத்து விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, அது நடையா, தாண்டலா? என்னை மாதிரி நடங்க."

கொக்கு கூச்சத்தோடு காலைக் குறுக்கி, ஆடி ஆடி இருபது காலடி வைத்துத் தோண்டியது. டங்கென்றது.

"அப்பாடா, இப்பதான் மூச்சு வருது!" என்றது டப்பா.

கொக்கு நோட்டில் தன் பேரோடு வாத்தின் பேரையும் எழுதி, டப்பாவை மேட்டில் புதைத்தது. பிறகு, கால் இன்னும் பழக்கம் விடாமல், ஆடி ஆடியே நடந்து போய்விட்டது.