ரொறன்ரோப் புல்லு

"கால் வையாதை, பிள்ளை! புல்லு இன்னும் வேர் பிடிக்கேல்லை!"

கருவாட்டுப் பெட்டியோடு முற்றத்தில் இறங்கப்போன மாக்கிறட், அண்ணனின் அதட்டலில் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அப்ப நான் பறந்தே போறது, அண்ண? வாளைமீன் காயப்போட்ட முற்றம். இப்ப மீனுக்கும் இடமில்லை, மனிசருக்கும் இடமில்லை."

பஸ்ரியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கழுதை கடித்துக் குதறிய இடத்தைக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்தார். மண்ணைக் கிளறி எருவைக் கலந்தார். புதுப் புல்லுத் துண்டை அதில் பொருத்தி உள்ளங்கையால் தட்டித் தட்டி அமர்த்தினார்.

"ரொறன்ரோவிலை இருபத்தெட்டு வருசம் இதுதான் என்ரை வேலை. பனி உருகினதும் பார், றோட்டிலை பனி கரைக்கப் போட்ட உப்பாலை வீட்டுக்கு வீடு புல்லுக் கருகிக் கிடக்கும். நான் துண்டு வைச்சால் ஒட்டுப்போட்ட இடம் ஒருத்தருக்கும் தெரியாது."

"அங்கை உப்பு. இங்கை கழுதை. உங்களுக்கு எங்கை போனாலும் வேலை இருக்கு."

பஸ்ரியனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி இறந்த பிறகு, மூன்று கிழமை நின்று போகிறேன் என்று மன்னாரில் பிறந்த ஊரான பேசாலைக்கு வந்தவர் அவர். வந்த மூன்றாம் நாளே, "போறதுக்கிடையிலை உனக்கொரு புல்லு முற்றம் போட்டுத் தாறன்" என்று, ஊரிலிருந்து மீன் ஏற்றுகிற நுஃமானின் லொறியில் கொழும்பிலிருந்து புல்லை இறக்கிவிட்டார். அடுத்த கிழமையே ஊர் சுற்றுகிற கட்டாக்காலிக் கழுதையொன்று புகுந்து பாதியை மேய்ந்துவிட்டது. "இதைச் சரிக்கட்டாமல் போகேலாது. வேர் பிடிக்க இரண்டு கிழமை வேணும்" என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்.

அப்போதுதான் மாக்கிறட்டுக்கு அந்த யோசனை வந்தது.

கணவன் கடலோடு போய்விட்டான். பிள்ளைகள் கொழும்போடு. வாய்க்கு வாய் கதைக்க வீட்டில் ஓர் ஆள் வந்ததே இப்போதுதான். ஆனால் மகள் பெற்றிசியாவையும் பேரப்பிள்ளைகளையும் கனடாவில் வைத்திருக்கிற மனிதரை "இங்கேயே நில்லுங்கோ" என்று எந்த வாயால் கேட்பது? அதனால் புல்லு வேர் பிடிக்கிற நேரம் பார்த்து, ஞாயிறு பூசைக்குப் போகையில் வேலிப் படலையைக் கொளுவாமல் போனாள். மூன்று தரம் போனாள். மூன்று தரமும் கழுதை அவளைக் கைவிடவில்லை.

பஸ்ரியன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"வரவர முழங்கால் ஏலாது, பிள்ளை. அடுத்த மாசமெண்டாலும் போகவேணும். பெற்றிசியாவும் பாவம், என்ரை டிக்கெட்டை மாத்தி மாத்திக் களைச்சுப் போச்சு."

மாக்கிறட்டுக்குச் சுருக்கென்றது. அறுபத்திரண்டு வயது மனிதரை முழங்காலில் நிற்க வைத்து, அந்தப் பிள்ளையையும் அலைக்கழித்து, என்ன வேலை இது? போதாததற்குப் படலையைத் திறந்துவிட்டுப் போய்ப் பூசையில் நற்கருணையும் வாங்கியிருக்கிறாள்!

அண்ணன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"பெற்றிசியா, மாமி கதைக்கிறன். அப்பாவுக்கு ஒண்டுமில்லை, பயப்பிடாதை. நான்தான் ஒரு பிழை விட்டுட்டன்."

"என்ன மாமி?"

"அப்பா வராமல் நிக்கிறதுக்கு நான்தான் காரணம். படலையைத் திறந்து விட்டுக் கழுதைக்குப் புல்லைக் குடுத்தது நான்தான், பிள்ளை. அவர் போனால் இந்த வீட்டிலை நான் ஆரோடை கதைக்கிறது? மூண்டு தரம் உன்னை டிக்கெட் மாத்த வைச்சுப்போட்டன். இனிச் செய்யமாட்டன். நல்ல நாளாப் பார்த்து அப்பாவுக்கு டிக்கெட்டைப் போடு."



"நான் எந்த டிக்கெட்டை மாத்தினனான், மாமி? அப்பா ஒருவழி டிக்கெட்டிலைதானே அங்கை வந்தவர்! 'தங்கச்சி அழுதழுது கேக்கிறாள், இனிப் பேசாலையிலைதான் இருக்கப் போறன்' எண்டு சொல்லி, இங்கத்தை வீட்டையும் வித்துப்போட்டெல்லோ வந்தவர்!"