வழி: புதுக்கோட்டை

"தம்பி, மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒங்கப்பாகிட்டச் சொல்லு. தொட்டி வழியுது."

"அப்பா எங்கிட்டும்மா இருக்காரு?"

"இந்தா, எனக்கு எதுத்தாப்புலதான் கட்டில்ல உக்காந்திருக்காரு."

ஒரு கல்லூரி ஆபீஸில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் புது ஸ்விட்சை மாட்டிக்கொண்டிருந்த சிவபிரகாஷ், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அப்பா நாகராசுவுக்குப் போன் போட்டான்.

"மோட்டாரை நிறுத்துங்கப்பா."

"ஒங்கம்மா சொன்னப்பவே காதுல விழுந்துச்சு. ஆனா அவ சொல்லி நான் நிறுத்துனதா இருக்கக் கூடாதுல்ல? இப்ப நீ சொல்லிட்ட. நிறுத்திடுறேன்."

வல்லத்திராக்கோட்டையில் ஒரே கூரைக்கடியில் முப்பத்திநாலு வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். நாலு மாசமாகப் பேச்சு இல்லை. தன்னைக் கேட்காமல் அவர் ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டார் என்று அம்மா ராசாத்திக்குக் கோபம். அதற்காக ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை புதுக்கோட்டையில் இருக்கிற மகனுக்குப் போன். ரசத்தில் உப்பு பத்தவில்லை என்பதுகூட இவன் வழியாகத்தான் சமையல்கட்டுக்குப் போயாக வேண்டும். வயசானால் புத்தி கழன்றுவிடுமோ என்று எரிச்சலாக வந்தது அவனுக்கு.

அவன் தலையில் ஏற்கெனவே ஆயிரம் இருந்தது. தை மாசம், பத்திரிகை கொடுத்த பிறகு அவன் கல்யாணம் நின்றுபோனது. ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் இழவு விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். தாங்க முடியாமல் டவுனில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பஸ் ஏறினால் அரைமணி நேரம்தான். அப்புறம் ஊர்ப் பக்கமே போகவில்லை.

"என்ன தம்பி, மாட்டியாச்சா?" என்று கேட்டபடி வந்தார் அந்தக் கல்லூரியின் ஆபீஸ் சூப்பிரண்டு ராஜலட்சுமி. "தேர்வுப் பிரிவு பக்கத்து ரூம்தான். அங்கேர்ந்து ஒரு பைல் இங்க வர்றதுக்குள்ள நான் கேன்டீன் போயி காபி குடிச்சிட்டு வந்துடுறேன்."

"பைல் நேரா வரலையே மேடம். மார்க் இருக்கற பக்கம் மத்தவங்க வரக் கூடாதுன்னு ஒவ்வொரு பிரிவையும் தனித்தனி நெட்வொர்க்கா வச்சிருக்கீங்க. அது சரிதான். ஆனா பழைய ஸ்விட்சுக்கு ஒரு நெட்வொர்க்குக்குள்ள மட்டும்தான் கொடுத்து வாங்கத் தெரியும். அடுத்த நெட்வொர்க்குக்குன்னா அதோ, அந்தக் கோடி பில்டிங்ல இருக்கற ரவுட்டருக்கு அனுப்பும். அது வழி பாத்துத் திருப்பி அனுப்பணும். மொத்தக் காலேஜும் அந்த ஒரே ஆள்கிட்டப் போயி வரிசையில நின்னா எப்படி?"

"இந்தப் புதுசு என்ன பண்ணும்?"

"இது லேயர் த்ரீ ஸ்விட்ச். இதுக்கும் வழி தெரியும். எந்த நெட்வொர்க் எந்தப் பக்கம்னு பாத்து இங்கயே திருப்பி விட்டுடும். யாரு யாரோட பேசலாம்னும் இதுலயே எழுதி வச்சிடலாம். வெளிய இன்டர்நெட்டுக்குப் போறது மட்டும் ரவுட்டருக்குப் போவும்."

"அட! அப்ப எங்க அக்கா மகன் கடைக்கும் ஒண்ணு வாங்கிடச் சொல்லவா?"

"அங்க எத்தனை கம்ப்யூட்டர்?"

"நாலு."

"வேண்டவே வேண்டாம் மேடம். சாதாரண ஸ்விட்சே போதும். இங்க மாதிரி பல பிரிவா இருந்து, ஒண்ணோட ஒண்ணு ஓயாம பேசிக்கிற எடத்துக்குத்தான் இது."

மறுபடியும் போன். அம்மாதான்.

"தம்பி, சோறு ஆறிப்போவுது. ஒங்கப்பாவைச் சாப்புட வரச் சொல்லு. ஆமா, நீ சாப்புட்டியா? என்ன கொழம்பு?"

"சாப்புட்டேன். சாம்பார். வைம்மா, வேலை கெடக்கு!" என்று கத்தினான்.

வீட்டு விஷயத்தை அவன் சொல்லக் கேட்டு ராஜலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தார். "மொதல்ல உங்க வீட்டுக்கு ஒண்ணு மாட்டிடுங்க தம்பி."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவனுக்கு அது சரியென்றே பட்டது. உடனே ஊரில் பக்கத்து வீட்டுச் சித்தி அன்புமொழியைக் கூப்பிட்டுப் பேசி முடித்தான். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, வேலையைப் பார்த்தபடியே அம்மாவையும் கூப்பிட்டான்.

"அம்மா, இனிமே அப்பாகிட்ட எது சொல்லணும்னாலும் அன்புமொழி சித்திகிட்டச் சொல்லு. அவங்க வந்து சொல்லிடுவாங்க. எனக்குப் போன் போட வேண்டாம்."

"சரிப்பா" என்றார் அம்மா.

அம்மாவுக்குப் போன் போடத் தெரியும், எடுக்கத் தெரியும், அணைக்கத் தெரியாது. எப்போதும் அவன்தான் அணைப்பான். இன்றைக்கு அவனுடைய ரெண்டு கையும் கேபிளில் இருந்தன.

"என்னங்க..."

அம்மா அப்பாவைத்தான் கூப்பிடுகிறார். அவன் திடுக்கிட்டுப்போனான்.

"இனிமே எல்லாத்தையும் அன்புமொழிகிட்டச் சொல்லணுமாம். தனக்குப் போனே போட வேண்டாங்கறான்."

"அப்படியா சொல்லிட்டான்?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"முன்னெல்லாம் நாம கூப்புட்டா 'ம்'முங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நாம சண்டைன்னு சொல்ல ஆரம்பிச்ச பெறகுதானே, கோவத்துலயாச்சும் நாலு வார்த்தை பேசுறான். வேளாவேளைக்குச் சாப்புட்டானான்னு தெரிஞ்சுது. அதுவும் இல்லைன்னா, அந்த ரூமுக்குள்ள எம்புள்ள யாருகிட்டங்க பேசுவான்?"

கேபிளைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் அப்பா செருமினார்.

"அழுவாத புள்ள. காலையில போன் போட்டு, அன்புமொழியோடயும் நமக்குச் சண்டைன்னு சொல்லிடு."