இருபத்தஞ்சு நிமிஷப் புகார்

"இன்னா சிநேகா, மூஞ்சி இப்டி தொங்கிப்போய் கீது? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த சந்திரம்மா தலையைத் தூக்கிக் கேட்டாள். கேட்ட பிறகுதான், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி வந்த சிநேகா, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு அவள் எதிரில் சப்பென்று உட்கார்ந்தாள். "இன்னும் இல்லக்கா. ஆனா இன்னிக்கு ஒரு கஸ்டமர் போன் பண்ணி என்ன உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க."

"ஐயோ பாவமே. சொல்லு, சொல்லு."

சிநேகா, சந்திரம்மாவின் ஓரகத்தி. கொழுந்தன் விஷாலின் பெண்டாட்டி. திருப்போரூரில் மனை விற்கும் கம்பெனி ஒன்றில், போனில் பேசி ஆள் பிடிக்கும் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்த மூன்று வாரமாகச் சந்திரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பின்னே? காலையில் எட்டு மணிக்குத் தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. மாமியார் முதல் தோசையை அவளுக்குத்தான் போடுகிறாள். சாயங்காலமானால் கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம் சார், நான் சிநேகா பேசறேன்" என்று ஒத்திகை வேறு. கட்டின புருஷன் சின்னையன்கூட, "இன்னா பதவிசா பேசுது பாத்தியா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறான். யாரிடம் சொல்கிறோம் என்ற விவஸ்தை வேண்டாமா மனுஷனுக்கு?

பத்து வருஷத்துக்கு முன்னால் சந்திரம்மாவும் கேட்டாள். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்றாள். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போயி யாருக்கு இன்னா ஆவணும்?" என்று இதே மாமியார்தான் அவள் வாயை அடைத்தாள். பிளஸ் டூவில் சிநேகாவைவிட சந்திரம்மா அறுபது மார்க் அதிகம். அதை இப்போது யார் கேட்கிறார்கள்? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மூன்று மாதம் டிரெய்னிங், அதற்குள் பெரிய புகார் ஒன்று வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சேர்ந்த அன்றைக்கே சிநேகா சொல்லியிருந்தாள். அந்த ஒரு நல்ல சேதியைச் சந்திரம்மா மறக்கவே இல்லை.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள்.

"பொம்பளதான். ஆபீஸ்ல எனக்குக் குடுத்த போனுக்கே அடிச்சாங்க. மனை பாக்க ஏசி வேன்ல இட்டுகினு போயி, பீஸே இல்லாத பிரியாணி போட்டு ஏமாத்திட்டேனாம். கடல் அலை சத்தம் கேக்கும்னியே, அங்க லாரி சத்தம்தான்டி கேக்குதுன்னாங்க. மழ பேஞ்சா முட்டிக்கால் தண்ணி நிக்குமே, அத ஏன்டி சொல்லலைன்னாங்க."

"நீ இன்னா பண்ண?"

"நானா? மேடம் மேடம்னு கெஞ்சிகினே இருந்தேன். ஒங்க வருத்தம் புரியுது, ஒரு வாய் தண்ணி குடிங்க மேடம்னேன். அதுக்கும் ஒரு திட்டு."

சந்திரம்மா 'ச்சொ ச்சொ' கொட்டினாள். "நாக்குல நரம்பே இல்லாத பேசிக்கீறா பாரு. நம்பர் தெரியலியா?"

"புது நம்பருக்கா."

"மேனேஜருக்குத் தெரிஞ்சிபோச்சா?"

"தெரியாத இருக்குமா? கடைசில அவங்களே, ஒங்க மேனேஜரக் கூப்புடு, ஒன்ன வேலைய வுட்டு அனுப்பினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னுட்டாங்க."

கோடை வெயிலில் மோர் குடித்த மாதிரி இருந்தது சந்திரம்மாவுக்கு. நாளைக்கு அந்த வேன் எங்கே போய் ஹாரன் அடிக்கிறது, மாமியார் முதல் தோசையை யாருக்குப் போடுகிறாள், பார்க்கலாம். இருந்தாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டுமே.

"போனாப் போவுது வுடு. இந்த வேல இல்லாட்டி செத்தா பூடுவோம்? வூட்லயே எனக்கு ஒத்தாசையா இரு" என்றாள்.

"முழுசாக் கேளேன்க்கா. நாங்க பேசற எல்லாமே தானா ரெக்கார்டு ஆவும். மேனேஜரு என்ன ரூமுக்குக் கூப்ட்டு, மொத்தத்தையும் போட்டுக் கேட்டாரு."

நெத்திலியின் தலையைக் கிள்ளப்போன சந்திரம்மாவின் கை அப்படியே நின்றது. "ரெக்கார்டா? அதெல்லாம் எதுக்கு?"

"அது ரூலுக்கா. இருபத்தஞ்சு நிமிஷம். கேட்டு முடிச்சிட்டு, எல்லாரையும் கூப்ட்டு மறுபடியும் ஸ்பீக்கர்ல போட்டாரு. மொத்த ஆபீசும் வாயப் பொளந்துகினு கேட்டுச்சு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒரு எடத்துல திக்கல, தெணறல, மூச்சு வாங்கல, இப்டி ஒருத்தர் நம்ம பக்கம் இருந்தா எத்தினி மனை விக்கலாம்னாரு. யாரு இவங்கன்னு கேட்டாரு."

சந்திரம்மா கிள்ளிய தலையைத் திரும்பச் சட்டியிலேயே போட்டாள். "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டாள்.

சிநேகா சட்டியிலிருந்து ஒரு கை நெத்திலியை அள்ளி, தானும் ஆயத் தொடங்கினாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"எனக்குப் பேசக் கத்துக்குடுக்கத்தான் எங்க வூட்டு அக்கா அப்டிப் பேசினாங்க சார்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை ஒன்னையும் வேலைக்குக் கூட்டிகினு வரச் சொல்லிட்டாருக்கா."