குப்பம்மாவின் வக்கீல்

"இத்த துன்னுட்டு உள்ள போ நைனா. காலீலேர்ந்து நின்னுகினே கீற."

குப்பம்மா வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். சோறும் வறுத்த நெத்திலியும். வக்கீல் நீலமேகம் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, நஷ்டஈட்டுக் கோர்ட்டின் வாசல்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். காலையிலிருந்து வயிற்றில் ஒரு டீ மட்டும்தான்.

குப்பம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். புருஷன் தேசப்பன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மூட்டை ஏற்றப் போனான். ஒரு நாள் கிரேன் சங்கிலி அறுந்து மூட்டைகள் முதுகில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று.

அவன் குடித்துவிட்டு வந்து தானாக விழுந்தான் என்றது கம்பெனி. பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும். மனு எழுதிக் கொடுத்த சங்கத்துக்காரர் வேலைநிறுத்தத்தில் ஜெயிலுக்குப் போய்விட்டார். நடந்ததைச் சொல்லத் தேசப்பன் ஒருவன்தான் மிச்சம்.

முதல் இரண்டு விசாரணைக்கும் அவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரண்டு தடவையும் நீலமேகம் எழுந்து இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும். நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கமிஷனர் தலையைத் தூக்காமலே வேறு தேதி போட்டார். வெளியே வந்ததும் அந்தத் தேதியை நீலமேகம் குப்பம்மாவிடம் தமிழில் சொன்னான்.

அதற்கப்புறம் அவள் தனியாகத்தான் வந்தாள். கட்டிலை அசைத்தாலே தேசப்பனுக்கு உயிர் போகிற வலி.

"கம்பெனிக்காரன் ஒருத்தன்கூட வந்து நிக்க மாட்றான் பாத்தியா? பயந்துகினு கீறானுங்க" என்பாள் ஒவ்வொரு தடவையும்.

நீலமேகம் அடுத்த தேதியை மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புவான். ஆரம்பத்தில் ஒரு தடவை சங்கடமாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கல்மண்டபத்தில் சீனியர் கருணாகரனின் ஆபீஸில் சுதந்திரம் வந்த வருஷம் சேர்ந்தவன் அவன். பை தூக்கினான். கார்க் கதவைத் திறந்துவிட்டான். சீனியர் வீட்டு அரிசிக்கு ரேஷன் கடையில் நின்றான். இத்தனை வருஷத்தில் ஒரு சாட்சியைக்கூட அவன் குறுக்கு விசாரணை செய்ததில்லை. ஜூனியருக்குக் காது இருந்தால் போதும், வாய் எதற்கு என்பார் சீனியர். அவனுக்கு முன்னால் இருந்த தாமஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகப் போய்விட்டார்.

போன மாதம் சீனியர் முதன்முறையாக அவனை எதிரில் உட்காரச் சொன்னார்.

"தேசப்பன் கேஸ்ல கட்சிக்காரங்களுக்கு உன் மேல ரொம்பத் திருப்தி. டெலிபோன் பண்ணிச் சொன்னாங்க."

"சரி சார்."

"இது முடியட்டும். வாசல் போர்டுல உன் பேரையும் எழுதச் சொல்றேன். அப்புறம் நீயே தனியா கேஸ் நடத்தலாம்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவி மங்கையிடம் சொன்னான். "எழுதினப்புறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உலையைப் பார்க்கப் போனாள்.

இலையை மடிக்கும்போதுதான் நீலமேகம் குப்பம்மாவின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் பொட்டு இல்லை.

"எப்போம்மா?"

"காரியம்கூட முடிஞ்சிபோச்சி நைனா." அவள் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடசி வரிக்கும் உன்னியப் பத்திதான் பேசிகினு இருந்தாரு. அந்த வக்கீலு புள்ள நம்ம கேசுக்கு வெயில்ல அலையுது, ஒரு நாளாவது சோறு ஆக்கிப் போடுன்னாரு. அதான் எத்துகினு வந்தேன்."

நீலமேகம் குழாயடியில் கை கழுவினான். இன்றோடு கேஸ் முடிந்துவிடும் என்று தெரிந்தது. வாசல் போர்டு ஞாபகத்துக்கு வந்தது. சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

உள்ளே புதுக் கமிஷனர் உட்கார்ந்திருந்தார். பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். இவர் காகிதங்களைப் படித்துவிட்டு நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். தமிழிலேயே கேட்டார்.

"தேசப்பன் எங்கேம்மா? அவர்தானே சாட்சி சொல்லணும்?"

"செத்துப்பூட்டாரு சாமி."

கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார். கேஸ் கட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். வாய்தா, வாய்தா, வாய்தா.

"இத்தனை தடவை தள்ளிப் போட்டிருக்கே. ஒரு தடவையாவது ஆட்சேபணை சொல்லியிருக்கலாமே. உனக்காகப் பேச ஒரு வக்கீல் வெச்சுக்கலையா?"

குப்பம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நீலமேகத்தைக் கை காட்டினாள்.

"இன்னா சாமி இப்டி கேக்குற? இவுருதான் எங்க வக்கீலு. ஒரு நாள் தவறாம வந்து நின்னுகினு கீறாரு."

நீலமேகம் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கமிஷனர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா. அவர் கம்பெனியோட வக்கீல்."