தலைவரின் கொட்டகை

நாய்க்குக் கழிப்பிடம் பழக்குவது சுலபம். அதன் கழிவில் கொஞ்சத்தைத் தோட்டத்தின் ஒரு மூலையில் விட்டுவைத்தால் போதும். வாசனை பிடித்துத் தினமும் அங்கேயே போகும்.

என் நாய் புட்சி மட்டும் அந்த மூலையை விட்டுவிட்டு, வேலி தாண்டி, ஹாம்பர்க் வாடகைத் தோட்டச் சங்கத் தலைவர் குரோகரின் கொட்டகை வாசலுக்கே போனது.

சங்கக் கூட்டத்தில் குரோகர் என்னைப் பார்த்துக் குதித்தார். "வீப்கே, நாய் வளர்க்கத் தெரியலைன்னா தோட்டத்தைக் காலி பண்ணுங்க! ரெண்டு வாரமா தினமும் என் வாசல்லதான்!"

"என் நாய்தான்னு என்னங்க ஆதாரம்?"

"ஆதாரமா? முதல் நாள்லேருந்து ஒண்ணு விடாம பையில கட்டி, தேதி எழுதி, கொட்டகைக் கதவுக்குப் பின்னாலேயே வச்சிருக்கேன்!"

"அடடா! என்னைவிட நீங்கதான் நல்லாப் பழக்கியிருக்கீங்க, தலைவரே."