வெளிமூச்சில் எடுத்த படம்

"மூச்சை இழுங்க. அடக்குங்க."

ஒலிபெருக்கி சொன்னபடி இழுத்தாள். அடக்கினாள்.

ஆறு எண்ணுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் உடம்பு குலுங்கியது. மெஷின் நின்றது.

மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் நூல்மில்லில் வேலை. பஞ்சுத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. இப்போது கல்லீரலில் கட்டி. ஒன்றா, மூன்றா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

ஒன்றென்றால் வைத்தியம் உண்டு என்றார். மூன்றென்றால் என்று கேட்டபோது பேச்சை மாற்றினார்.

இதற்கு முன் இரண்டு இடங்களில் படம் எடுத்தாயிற்று. இரண்டும் கலங்கல். இரண்டாவது ரிப்போர்ட்டின் கடைசி வரியை மகள் தேன்மொழி படிக்காமல் மடித்தாள். மயிலாத்தாள் விடவில்லை; படிக்கச் சொன்னாள்.

"நோயாளி ஒத்துழைக்கவில்லை."

மில்லில் ஒருத்தரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

கதவு திறந்தது. டெக்னீஷியன் பெனாசிர் உள்ளே வந்தாள். சின்னப் பெண்.

"இன்னொருக்கா அடக்கிப் பாக்கறேன் அம்மணி," என்றாள் மயிலாத்தாள்.

"வேண்டாம்மா. நீங்க உங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க. மெஷின் காத்திருக்கும்."

வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினாள். மூச்சு வெளியே போய், வயிறு அசையாமல் கிடக்கும் கணத்தை அது மெஷினுக்குச் சொல்லும். அப்போது மட்டும் படம் பிடிக்கும்.

மீண்டும் உள்ளே.

இழுத்தாள். விட்டாள்.

டக் டக் டக்.

நின்றது.

இழுத்தாள். விட்டாள்.

டக் டக் டக்.

பத்தாவது மூச்சில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இருபத்தாறு வருஷம் மெஷினின் வேகத்துக்கு ஓடியவள். இது அவள் வேகத்துக்கு ஓடுகிறது.

நடுவில் ஓர் இருமல். மெஷின் பேசாமல் இருந்தது. இருமி முடித்தாள். அடுத்த மூச்சை விட்டாள். மறுபடி ஆரம்பித்தது.

அரைமணி நேரம் ஆயிற்று.

மறுநாள் டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஈரலின் விளிம்பு கத்தியால் கீறினாற்போல் தெளிவாக இருந்தது. நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு வட்டம்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. மத்த ரெண்டும் மூச்சுல படம் அசைஞ்சு விழுந்த நிழல். வயித்தைக் கிழிக்கவே வேண்டாம். ஊசி வழியாச் சூடு வெச்சுக் கருக்கிடலாம்."

தேன்மொழி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மயிலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த மாசமே பண்ணிப்போடுங்க. ஆவணியில இவளுக்குக் கல்யாணமுங்க."

தேன்மொழி கையை எடுத்தாள்.

"அம்மா... நான் அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லி..."

"தெரியும். நேத்து ஸ்கேன் முடிஞ்சு வெளிய வந்ததுமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். மண்டபம் பாக்கச் சொல்லிப்போட்டேன்."

ரிப்போர்ட் வந்தது இன்று காலையில்தான்.